சிவப்புப் பெட்டிக்குக் கொடுத்த சத்தியம்

பாரிஸ் லா சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் நின்று முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரத் தம்பிக்கு அது பிடிக்காது. “அன்ரி, எல்லாம் பிஞ்சுதான், முறுக்காதேங்கோ” என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவார். நானும் ஒவ்வொரு ஞாயிறும் முறுக்குவேன். அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் கொத்துரொட்டி தட்டுகிற சத்தம் காதை அடைத்தது. யாரோ என் பைக்குள் ஒரு கடதாசியைச் செருகினார்கள்.

திரும்பிப் பார்த்தால் ஒரு பெண்பிள்ளை. இருபத்தைந்துக்கு மேல் இராது. நீல மழைக்கோட்டு, நனைந்த தலைமயிர், கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம்.

“அன்ரி, நீங்கள் எந்த கொம்யூன்?”

நான் இருக்கும் புறநகரின் பெயரைச் சொன்னேன். பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது.

“பிரெஞ்சு நசியோனாலித்தே எடுத்திட்டியளோ? உங்களுக்கு வோட்டு இருக்கோ?”

“எனக்கும் இருக்கு, அக்காவுக்கும் இருக்கு” என்றேன்.

எங்கள் நகரசபையில் பாதிப்பேர் சண்டை பிடித்துக்கொண்டு ஒன்றாக விலகிவிட்டதால், இடைத்தேர்தல் வைத்திருந்தார்கள். தேர்தல் எங்கள் புறநகரில்தான். ஆனால் தமிழர் வாக்கு வேண்டுமென்றால் வேட்பாளர் லா சப்பலின் இந்த ஃபொபூர் சேன்-தெனித் தெருவுக்குத்தான் வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் வீட்டில் இருக்கிறோமா? முருங்கைக்காயோடு இங்கேதானே நிற்கிறோம்.

பிள்ளையின் பெயர் துர்க்கா. போட்டியிடுகிற ஒரு வேட்பாளர் பட்டியலில் ஆறாவது இடமாம். “வீட்டை வந்து கதைக்கலாமோ அன்ரி?” என்று கேட்டாள். “வாங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடிக்கலாம்” என்றேன். லா சப்பலில் யாரைக் கண்டாலும் இப்படிச் சொல்வதுதான் வழக்கம். யாரும் வருவதில்லை. இந்தப் பிள்ளை வந்துவிட்டது.

ஊரில் எந்த இடம்?

ரொய்சி விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிய காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியபோது ஒரு வாசகி கேட்டிருந்தார்: “அக்கா, அக்கா என்று எழுதுகிறீர்கள், அவர் யாரென்று சொல்லவேயில்லையே.” நியாயமான கேள்வி. சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அக்காவைப் பற்றிச் சொன்னால் இதைச் சொல்லவேண்டி வரும் என்பதுதான். இப்போது அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது” என்றாள்.

அக்காவின் பெயர் பூமணி. தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருக்கிறாள். அத்தான் போன பிறகு என்னோடு மூன்றாம் மாடியில் இருக்கிறாள். முழங்கால் மட்டும்தான் தொல்லை. நாக்குக்கு ஒரு குறையும் இல்லை.

துர்க்கா வந்த அன்று அக்காவே எழுந்து இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைத்தாள். பருத்தித்துறை வடையை எடுத்து வைத்தாள். பிள்ளை இரண்டு வடையைக் கடித்துக்கொண்டே பஸ் நேரம், பள்ளிக்கூடச் சாப்பாடு, வேலை செய்யாத லிப்ட் எல்லாம் கதைத்தது. தமிழ் தடக்கினால் பிரெஞ்சுக்குத் தாவும், பிறகு திரும்பி வரும். அக்காவுக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. பிடித்தவர்களிடம்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்பாள்.

“ஊரிலை எந்த இடம் மோனை?”

துர்க்கா ஊரின் பெயரைச் சொன்னாள். எங்கள் ஊர்.

“ஊருக்குள்ளை எங்கை?”

“பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாலை எண்டு அப்பா சொல்லுவார். நான் போகேல்லை. என்ரை அப்பப்பா இருக்கிறார், அவருக்குத்தான் எல்லாம் தெரியும். கூசேன்வில்லிலை அப்பான்ரை வீட்டிலை இருக்கிறார், நான்தான் இஞ்சை தனிய இருக்கிறன். சிவம் எண்டு பேர்.”

அக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

சிவம் எங்கள் பெரியப்பாவின் மகன். ஐயாவின், அதாவது எங்கள் அப்பாவின், சொந்தத் தமையனின் மகன். முறையில் எனக்கு அண்ணன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நன்மை தீமைக்குப் போக்குவரத்து இல்லை. கலியாணத்துக்குச் சொல்வதில்லை, செத்தவீட்டுக்குப் போவதில்லை, ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிப்பதில்லை. எண்பது வருசத்துக்கு மேல் அப்படித்தான். அந்த வீட்டுப் பிள்ளை இப்போது எங்கள் சோபாவில் இருந்து எங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்திருந்தது.

அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

“சிவம் எப்பிடி இருக்கிறான்?”

என் வாழ்நாளில் அந்தப் பெயரை அக்காவின் வாயால் நான் கேட்டதில்லை.

“சரியா ஏலாது. மூச்சுக் கஷ்டம், ஒக்சிசன் வைச்சிருக்கு. ஆனா கதைப்பார். ஊர்க் கதைதான் எப்பவும்.” துர்க்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “உங்களை அவருக்குத் தெரியுமோ?”

“பூமணி வீட்டிலை தேத்தண்ணி குடிச்சனான் எண்டு சொல்லு” என்றாள் அக்கா. “அவனுக்குத் தெரியும்.”

நிறத்துக்கு விழுந்த வாக்கு

அது வெள்ளைக்காரன் காலம். எங்கோ யுத்தம் நடந்துகொண்டிருக்க, ஊரில் அரிசிக்கும் துணிக்கும் கூப்பன். நான் பிறக்கவில்லை. அக்காவுக்கு ஏழோ எட்டோ வயது. நான் சொல்வதெல்லாம் அம்மா கொஞ்சம், அக்கா கொஞ்சமாகச் சொன்னது.

ஐயாவின் வீடும் பெரியப்பாவின் வீடும் ஒரே வளவைப் பிரித்துக் கட்டியவை. நடுவில் ஒரு கிடுகு வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு. யாழ்ப்பாணம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பொட்டு என்றால் வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளி. வாசல் படலையால் ஆண்கள் போவார்கள். பொட்டால் பெண்களும் பிள்ளைகளும் கறிச்சட்டியும் போகும். அக்காவும் சிவமும் ஒரே வயது. எந்த வீட்டில் சாப்பிட்டார்கள், எந்த வீட்டில் படுத்தார்கள் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை.

அப்போது எங்கள் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர் இறந்துபோனார். இடைத்தேர்தல் வந்தது.

அந்தக் காலத்தில் வாக்குச் சீட்டில் புள்ளடி போடுவதில்லை. வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. மறைப்புக்குள்ளே பெட்டிகள் வரிசையாக இருக்கும். வேண்டிய நிறத்தில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்காகச் செய்த ஏற்பாடு. அதனால் ஆளின் பெயரை யாரும் சொல்வதில்லை, நிறத்தைத்தான் சொல்வார்கள்.

பெரியப்பா ஒரு பிறக்கிராசிக்காக நின்றார். கோர்ட்டில் வழக்குப் பேசுகிறவரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். முந்தின தேர்தலில் பிறக்கிராசியாருக்குச் சிவப்புப் பெட்டி கிடைத்திருந்தது. தோற்றுப்போனார், ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. ஊரில் அவர் சிவப்புப் பெட்டியார்தான்.

இடைத்தேர்தல் என்ற கதை அடிபட்டதுமே, வேட்புமனு கொடுப்பதற்கு முன்னமே, பெரியப்பா ஊரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூப்பிட்டார். ஒரு தட்டில் கற்பூரம் கொளுத்தினார். வீட்டுக்கொருவர் வந்து சத்தியம் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்கவேண்டும். சொல்லவேண்டிய வசனத்தைப் பெரியப்பாவே சொல்லிக் கொடுத்தார். “வாற தேர்தலிலை என்ரை வீட்டு வோட்டு சிவப்புப் பெட்டிக்கு. மாறினால் பிள்ளையார் கேக்கட்டும்.” முதல் ஆளாக முன்னே வந்து அணைத்தவர் ஐயா. தம்பி அணைத்தால் ஊர் அணைக்கும் என்று பெரியப்பா சொல்லிவைத்திருந்தார்.

எங்கள் தோட்டங்களில் வேலை செய்த குடும்பங்களைக் கோயிலுக்குள்ளே விடுவதில்லை. அவர்களுக்கு மதிலுக்கு வெளியே வேறு ஒரு கற்பூரம். வாக்கு மட்டும் எங்களுடையதைப் போலவே ஒன்று. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, எழுதாமல் விட்டால் இன்னும் கூசும்.

பிறகு வேட்புமனு நாள் வந்தது. நிறத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் பிறக்கிராசியாருக்குப் பச்சை விழுந்தது. சிவப்பு விழுந்தது எதிராளிக்கு, கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு.

ஒரு தேங்காய் உடைத்திருக்கலாம்

பெரியப்பா பதறவில்லை. இனிப் பச்சை என்று அன்று பின்னேரமே வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார். சனம் தலையாட்டியது. ஆளுக்குத்தானே சத்தியம், நிறத்துக்கோ என்று சிரித்தது. மதிலுக்கு வெளியே நின்று அணைத்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்யச் சொன்னவரே மாற்றச் சொன்னார், அவ்வளவுதான்.

ஐயா மட்டும் தலையாட்டவில்லை.

“நான் ஆளின்ரை பேர் சொல்லேல்லை அண்ணை. நீங்கள் சொல்லித் தந்ததைத்தான் பிள்ளையாருக்கு முன்னாலை சொன்னனான். சிவப்புப் பெட்டி எண்டுதான் சொன்னனான்.”

“அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?”

“நீங்கள் வாங்கின சத்தியம். நீங்கள்தான் விடுவிக்கவேணும்.”

அதற்கு ஒரு முறை இருந்ததாம். கோயில் ஐயர் சொல்லியிருக்கிறார். சத்தியம் வாங்கினவரும் கொடுத்தவரும் ஒன்றாக வந்து, வாங்கினவர் ஒரு தேங்காயை உடைத்து, நான் வாங்கினது பிழை, இவரை விட்டுவிடு என்று பிள்ளையாரிடம் கேட்டால் போதும். கால் மணி நேரத்து வேலை. கோயில் எங்கள் வளவிலிருந்து கூப்பிடு தூரம்.

பெரியப்பா மாட்டேன் என்றார். ஊர் முழுக்கத் தலையாட்டியிருக்க, சொந்தத் தம்பிக்காகக் கோயிலில் நின்று நான் செய்தது பிழை என்று சொல்வதா? எதிராளியின் ஆட்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்? தேர்தல் முடிந்த பிறகு எத்தனை தேங்காயும் உடைப்பேன் என்றார். முடிந்த பிறகு உடைத்து என்ன பயன் என்று ஐயா கேட்டார். இரண்டு பேரும் கோபக்காரர் இல்லை. அதுதான் வில்லங்கம். கோபக்காரர் என்றால் கத்தி முடித்திருப்பார்கள்.

ஐயா வாக்குப் போடாமல் வீட்டில் இருந்திருக்கலாமே என்று வளர்ந்த பிறகு அம்மாவைக் கேட்டேன். “போகாட்டில் வோட்டு சிவப்புக்கு விழாதே. அதுவும் மாறினதுதானே” என்றார் அம்மா. வாதத்தில் ஐயாவை வெல்ல அம்மாவாலும் முடிந்ததில்லை.

தேர்தலன்று பெண்களை ஏற்ற வெள்ளைத் திரை கட்டிய கார்கள் வந்தனவாம். பச்சைக் கொடி பிடித்துக்கொண்டு சிவமும் அக்காவும் ஒழுங்கை முழுக்க ஓடினார்களாம். ஐயா நடந்து போய், சிவப்புப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தார். யாருக்குத் தெரியப்போகிறது? மறைப்புக்குள்ளே நடந்த காரியம். பச்சையில் போட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. ஐயா நேரே பெரியப்பாவின் முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டு, “அண்ணை, சிவப்பிலைதான் போட்டனான்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அம்மா எந்தப் பெட்டியில் போட்டார் என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். “உள்ளுக்கை இருட்டு, நிறம் தெரியேல்லை” என்று சொல்லிச் சிரிப்பார். கடைசிவரை சொல்லவில்லை.

பிறக்கிராசியார் தோற்றார். கொஞ்ச நஞ்ச வாக்கால் அல்ல, நன்றாகவே தோற்றார். எங்கள் வீட்டு வாக்கெல்லாம் பச்சைக்கு விழுந்திருந்தாலும் அவர் கொழும்புச் சபைக்குப் போயிருக்கமாட்டார். பெரியப்பாவுக்கும் அது தெரிந்திருக்கும். அடுத்த நாள் விடிய அவர் தன் கையாலேயே வேலிப் பொட்டை அடைத்தார்.

வேலிக்கு மேலால் ஒரு பம்பரம்

அன்று காலை பொட்டடிக்கு ஓடிவந்த அக்காவின் கையில் சிவத்தின் பம்பரம் இருந்ததாம். முந்தின நாள் வாங்கி வைத்திருந்தது.

துர்க்கா வந்துபோன பிறகு, எத்தனையோ வருசத்துக்குப் பிறகு, அந்தப் பம்பரக் கதையை அக்கா வாய் திறந்து சொன்னாள். “வேலிக்கு மேலாலை எறிஞ்சன். கொஞ்ச நேரத்தாலை அவன் அதைத் திருப்பி இஞ்சாலை எறிஞ்சான். பேந்து நான் எறிஞ்சன். அப்பிடிக் கொஞ்ச நாள் ஒருத்தரை ஒருத்தர் காணாமல் விளையாடினம். பெரியம்மா கண்டிட்டா. அதோடை பம்பரம் வரேல்லை.”

பள்ளிக்கூடத்திலும் ஒரே வகுப்பு, ஆனால் கதைப்பதில்லை. ஐயா செத்தபோது பறைச் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். பெரியப்பா வரவில்லை. வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அவர் செத்தபோதும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் போகவில்லை. மற்றவர்கள் கேள்விப்பட்டவுடன் போகலாம். போக்குவரத்து விட்டுப்போன வீட்டுக்கு மட்டும், அந்த வீட்டார் ஒருவர் நேரே வந்து சொன்னால்தான் போகலாம். இது எங்கள் ஊர் முறை.

பிறகு நாட்டில் யுத்தம் வந்தது. நான் முதலில் பாரிசுக்கு வந்தேன், அக்காவையும் அத்தானையும் பின்னால் கூப்பிட்டேன். சிவம் அண்ணை எப்போது வந்தார் என்று தெரியாது. எங்கள் வளவுப் பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னார், அங்கே வேலியும் இல்லை, வீடுமில்லை, பற்றைதான் என்று. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த நாங்கள் இந்த ஒன்றை மட்டும் ஒரு கீறல் படாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிய மனம் கனத்துப்போகிறது.

முடியட்டும், போவம்

“அவையள் வீட்டுப் பிள்ளை வந்து தேத்தண்ணியும் குடிச்சிட்டுது” என்றேன் அன்றிரவு சாப்பிடும்போது. “இனி என்ன? நாளைக்கே கூசேன்வில்லுக்குப் போவம்.”

அக்கா புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“போகத்தான் வேணும்” என்றாள். “அவனைப் பாக்காமல் நான் கண்ணை மூடக்கூடாது. ஆனா இப்ப இல்லை. அந்தப் பிள்ளை வோட்டுக் கேட்டு வந்தது. இப்ப போய் நிண்டால், வோட்டைச் சொல்லிக்காட்டப் போன மாதிரி இருக்கும். வோட்டுக்குப் பிரிஞ்சவை வோட்டுக்குச் சேர்ந்தினம் எண்டு வரும். தேர்தல் முடியட்டும், போவம்.”

“ஆள் மூச்சுக் கஷ்டத்திலை கிடக்குது அக்கா.”

“ரெண்டு கிழமைதானே.”

ஐயாவின் பிள்ளைதானே அவள், வாதத்தில் வெல்ல முடியாது என்று விட்டுவிட்டேன். நானும் ஐயாவின் பிள்ளைதான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் சுற்று வாக்களிப்புக்கு அக்காவைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். பள்ளிக்கூட மண்டபம். மேசையில் பட்டியல்கள் அடுக்கியிருந்தன. அக்கா நேரே துர்க்காவின் பட்டியலில் ஒரு தாளை மட்டும் எடுத்தாள். அங்கே நின்ற அம்மையார், இல்லை மதாம், வேறும் எடுக்கவேண்டும், ஒன்றை மட்டும் எடுத்தால் யாருக்கென்று தெரிந்துவிடும் என்று தன்மையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். “தெரியட்டும்” என்றாள் அக்கா. பிறகு மனமில்லாமல் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

பெட்டியடிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். இங்கே வாக்குப் பெட்டிக்கு நிறம் கிடையாது. நான்கு பக்கமும் கண்ணாடி மாதிரி. உள்ளே விழுந்து கிடக்கும் உறைகள் எல்லாம் தெரியும்.

“உள்ளுக்குத் தெரியுது” என்றாள் என்னிடம்.

“ஓம் அக்கா. களவு நடக்காமல்.”

அவள் உறையைப் போட்டாள். பொறுப்பாளர் உரத்த குரலில் “அ வொத்தே” என்றார், வாக்களித்தாயிற்று என்று. அக்கா அதை ஒரு கௌரவமாக எடுத்துக்கொண்டு தலையசைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கூசேன்வில்லுக்கு எந்த ரயில் என்று கேட்டாள். என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டாள். சிவத்துக்குப் பனங்காய்ப் பணியாரம் பிடிக்குமாம். லா சப்பலில் கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னாள்.

அன்று இரவே தெரிந்துவிட்டது, யாருக்கும் பாதி கிடைக்கவில்லை, துர்க்காவின் பட்டியல் இரண்டாம் சுற்றுக்குப் போகிறது என்று.

“அப்ப இன்னும் முடியேல்லை” என்றாள் அக்கா. “வாற ஞாயிறும் போகட்டும்.”

பணியாரம் வாங்கியிருந்தேன். குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.

நேரே வந்து சொன்னது

வியாழக்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. திறந்தால் துர்க்கா நிற்கிறாள். அதே நீல மழைக்கோட்டு, கையில் பிரசுரம் இல்லை. லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லைப்போல, மூச்சு வாங்கியது.

“அப்பப்பா செத்துப் போயிட்டார்” என்றாள். “இண்டைக்கு விடிய.”

எனக்குப் பின்னால் அக்கா வந்து நின்றிருந்தாள்.

“போன் பண்ணுவம் எண்டு பாத்தன். உங்கடை நம்பர் இருக்குது. ஆனா அப்பப்பா முதலே சொல்லி வைச்சவர், தனக்கு ஏதும் நடந்தால் பூமணி வீட்டுக்கு ஆரும் நேரே போய்ச் சொல்லவேணும், போன்லை சொல்லக்கூடாது எண்டு. ஏனெண்டு எனக்குத் தெரியாது.”

எங்களுக்குத் தெரிந்தது. நேரே வந்து சொல்லிவிட்டார்கள். பெரியப்பா அடைத்த பொட்டை அவர் மகன் சாகும்போது திறந்துவிட்டிருந்தார், நாங்கள் போவதற்கு வழி செய்துவைத்திருந்தார்.

அக்கா அழவில்லை. பிள்ளையை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

வாக்குச்சாவடி மூடும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை பார்வைக்கு வைத்தார்கள். அதே ஞாயிறுதான் இரண்டாம் சுற்றும். காலையில் வெளிக்கிடும்போது, “வழியிலை பள்ளிக்கூடம், வோட்டைப் போட்டிட்டுப் போவமோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம்” என்றாள் அக்கா. “முதல் அவனிட்டைப் போவம்.”

பூதவுடலை வைத்திருந்த அறை சின்னது. நெருப்புக் கொளுத்த அங்கே விடமாட்டார்கள், மின்கலத்தில் எரியும் ஒரு விளக்கு வைத்திருந்தது. சிவம் அண்ணையை நான் அன்றுதான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்க்கிறேன். ஐயாவின் மூக்கு. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் இருந்தாள். அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். “பம்பரத்தை ஏன்டா நீ எறியேல்லை?” என்று மெல்லக் கேட்டாள்.

சனம் வந்து போனது. எங்களை யாரென்று பலருக்குத் தெரியவில்லை. பின்னேரம் ஆட்கள் குறைந்த பிறகு துர்க்கா எங்கள் அருகில் வந்து இருந்தாள்.

“என்னைக் கேட்டவனோ?” என்றாள் அக்கா.

“ஒவ்வொரு நாளும். மணி அடிச்சால் பூமணியோ எண்டு கேப்பார். அப்பா சொன்னவர், நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு. அப்பப்பாதான் விடேல்லை.”

“ஏன்?”

“நான் தேர்தல்லை நிக்கிற நேரம் கூப்பிட்டால், வோட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்குமாம். முடியட்டும் எண்டு சொன்னவர். பூமணியும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருப்பாள், முடிஞ்ச உடனை வருவாள், அவள் சித்தப்பான்ரை பிள்ளை எண்டு.”

அக்கா அப்போதுதான் அழுதாள். சத்தமாகவே அழுதாள். இத்தனை வயதில் ஒருவர் அப்படி அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளும் அவரும் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, அரை மணி நேர ரயில் பயணத்துக்கு இரண்டு முனையிலும் காத்திருந்திருக்கிறார்கள்.

துர்க்கா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

“நீங்கள் ரெண்டு பேரும் வோட்டுப் போட்டிட்டியளோ?”

“இல்லை மோனை” என்றாள் அக்கா.

“இன்னும் நேரம் இருக்கு. நானும் போடேல்லை. அப்பா காரிலை கொண்டுபோய் விடுவார், மூண்டு பேரும் போட்டிட்டு வரலாம்.”

“நீ போ மோனை. நீ போகத்தான் வேணும். நான் இவனோடை இருக்கப் போறன்.”

துர்க்கா எழுந்தாள். மழைக்கோட்டை எடுத்தாள். அதைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு, திரும்பவும் அக்காவின் பக்கத்தில் இருந்தாள்.

அவளுடைய பட்டியல் தோற்றது. எங்கள் வாக்கால் அது மாறியிருக்காது. வாக்குச்சாவடி மூடும் நேரம் தாண்டும்வரை நாங்கள் அந்த அறையில்தான் இருந்தோம். அன்றைக்கு எங்கள் மூன்று பேரின் வாக்கும் எந்தப் பெட்டியிலும் விழவில்லை.